பழைய டீசல் வண்டியில் இறுகிப்போன டீசல் ஃபில்டரை மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, மெக்கானிக்கல் எஃப்ஐபி பம்ப் (எஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தரும் பம்ப்) பொருத்தப்பட்ட பழைய ஜீப், பொலேரோ, சுமோ, 407, டிராக்டர் போன்ற வண்டிகளுக்கானது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் வண்டிகளில் குழாய்க்குள் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும் என்பதாலும், குழாயில் நின்ற காற்றை வெளியேற்றும் (காற்றெடுக்கும்) முறை அவற்றில் வேறு என்பதாலும், இங்கே சொல்லப்படுவதை அவற்றில் செய்து பார்க்க வேண்டாம்.

"ஃபில்டர் மாத்துன பிறகுதான் வண்டி நின்னு நின்னு போகுது, அண்ணாச்சி" என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளைத் திறந்து பார்த்தால், புதிய ஃபில்டரில் பெரும்பாலும் குறை எதுவும் இருப்பதில்லை. வெளியே இருந்த மண் உள்ளே போயிருக்கும், பழைய வாஷரே திரும்ப மாட்டப்பட்டிருக்கும், அல்லது லைனில் காற்று நின்றிருக்கும். வேலையின் வரிசையில் ஏதோ ஒரு படியைத் தாண்டியதால் வருபவையே இவை மூன்றும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்ய வேண்டும்.

1. வண்டியில் இருப்பது எந்த அமைப்பு?

முதலில் ஃபில்டர் எந்த வகை என்று பாருங்கள். தகர டப்பா போன்ற உடம்போடு ஒரே துண்டாகத் திருகி மாட்டுவது ஒரு வகை. கிண்ணத்துக்குள் தனியாக ஃபில்டர் வைத்து, நடுவில் நீண்ட போல்ட் போட்டு இறுக்குவது இன்னொரு வகை. பழைய லாரிகளிலும் டிராக்டர்களிலும் கிண்ணங்கள் இரண்டாக இருக்கும். முதலாவதில் ஃபெல்ட், இரண்டாவதில் பேப்பர் என்ற வரிசை மாறக் கூடாது. பெரிய அழுக்கை முதலாவது பிடித்தால்தான் இரண்டாவது சீக்கிரம் அடைபடாது.

அடுத்ததாக, ஃபில்டர், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அநேகமாக இதைப் பார்ப்பதே இல்லை. வரிசைப் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர் வரிசையாக உள்ள பம்ப்) உள்ள வண்டியில், பம்பின் பக்கவாட்டில் உள்ள ஃபீட் பம்ப் டீசலை ஃபில்டருக்குள் தள்ளும். அங்கே இறுக்கம் குறைந்தால் டீசல் வெளியே கசிந்து, குறை கண்ணுக்குத் தெரிந்துவிடும். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர் உள்ள, தனி ஃபீட் பம்ப் இல்லாத விஇ வகைப் பம்போ டீசலை ஃபில்டர் வழியாக உறிஞ்சும். அங்கே இறுக்கம் குறைந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே போகும். வாஷர் எல்லாம் காய்ந்திருக்கிறது, ஆகவே கசிவு இல்லை என்று இந்த இரண்டாவது வகையில் முடிவு கட்ட முடியாது.

நெல்லையில் வயதான மெக்கானிக்குகள் இன்றும் எந்தப் பம்பையும் மைகோ பம்ப் என்றே சொல்வார்கள். அந்தக் கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. கடையில் சாமான் கேட்கும்போது எந்தப் பெயரும் செல்லும் என்றாலும், பம்ப் உடம்பில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு போவதே நல்லது.

2. குறை ஃபில்டரில்தானா?

பாரம் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது இழுவை குறைவது, ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வேகம் ஏறாதது, காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது ஆகியவை ஃபில்டர் அடைப்பின் அறிகுறிகள். ஆனால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். வண்டி திணறும்போது டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, வண்டியும் சரியாகிவிட்டால், ஃபில்டருக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

ஃபீட் பம்பின் நுழைவாயிலில் ஒரு சிறிய சல்லடை இருக்கும். பல வண்டிகளில் அது வாங்கிய நாளிலிருந்து கழற்றப்பட்டதே இல்லை. அது அடைத்திருந்தால் எத்தனை புதிய ஃபில்டர் போட்டாலும் இழுவை வராது.

பிறகு ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு பிடித்து அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் சில நிமிடங்களில் அடியில் தனியாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் கரிய, வழவழப்பான படலம் தெரிந்தால், அது டேங்கில் நீண்ட நாள் தண்ணீர் நின்று வளர்ந்த நுண்ணுயிர்க் கசடு. அப்படிப்பட்ட வண்டியில் ஃபில்டரை மட்டும் மாற்றினால் அது சில நாட்களிலேயே மறுபடி அடைத்துவிடும். டேங்கை இறக்கிக் கழுவிய பிறகே ஃபில்டர் வேலையைத் தொட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லைப் பக்கம் வந்த வெள்ளத்தில் டேங்க் முங்க நின்ற வண்டி எதையாவது பழையதாக வாங்கியிருந்தால், இந்தப் பாட்டில் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம். டேங்கின் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீரோடு வண்டலும் போயிருக்கும். அது டேங்கின் அடியில்தான் கிடக்கும்.

3. கைவசம் இருக்க வேண்டியவை

புதிய ஃபில்டரைப் பழையதோடு நான்கு இடங்களில் ஒப்பிட்டு வாங்குங்கள்: மரையின் அளவு, ரப்பர் வளையத்தின் விட்டம், டப்பாவின் உயரம், அடியில் உள்ள வடிகால் திருகு அல்லது சென்சார் துளை. உயரம் சற்றுக் கூடினாலும் ஃபில்டர் கீழே உள்ள பிராக்கெட்டில் முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்தில் அதிர்ந்து அதிர்ந்து தகரம் தேய்ந்து ஓட்டை விழும்.

ஃபில்டரோடு சேர்த்துக் காப்பர் வாஷர்கள் ஒரு செட், டீசல் ஹோஸ் ஒரு அடி, இரண்டு கிளாம்ப் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை நசுங்கிய காப்பர் வாஷர் இரண்டாம் முறை சரியாக அமராது. பழைய ஹோஸ் தொட்டவுடன் வெடிக்கும் நிலையில் இருந்தால், திறந்த வண்டியை வைத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையைத் தொடங்கினால் ஓடியும் பயனில்லை.

கருவிகளில் 16–17, 18–19 ஸ்பேனர்கள், அதே அளவில் ரிங் ஸ்பேனர், ஸ்ட்ராப் ரெஞ்ச், முடிந்தால் செயின் ரெஞ்ச், மழுங்கிய பஞ்ச், சுத்தியல், எமரி பேப்பர், டபிள்யூடி-40 ஆகியவை வேண்டும். சுத்தமான டீசல் ஒரு லிட்டர், மூடியுள்ள கேனில் தனியாக இருக்கட்டும். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருப்பது நல்லது, ஏனென்றால் அடிமட்டத்தில் டீசல் கிடக்கிற டேங்கிலிருந்து காற்றெடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

துடைக்க இரண்டு வகைத் துணி வேண்டும். வெளியே துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும். திறந்த பிறகு உள்ளே துடைக்கப் பழைய வேட்டித் துணியை மட்டுமே பயன்படுத்துங்கள். வேஸ்டிலிருந்து பிரியும் நூல் ஒன்று பம்புக்குள் போனாலும் அதை வெளியே எடுக்கும் செலவு ஃபில்டர் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

4. இடமும் நேரமும்

ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றில் வெட்டவெளியில் ஃபில்டரைத் திறக்கக் கூடாது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் மாவு போல நுண்ணியது. ஃபில்டர் மாட்டியிருக்கும் ஹெட்டின் எண்ணெய்ப் பசையில் ஒரு நிமிடத்தில் சிவப்பாகப் படிந்துவிடும். எஃப்ஐபி பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷெட் இல்லையென்றால் காற்று வராத சுவரோரம் வண்டியைத் திருப்பி நிறுத்தித் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் கையால் தொட முடிகிற சூட்டில் இருப்பது நல்லது. முழுதும் ஆறிவிட்டால் ரப்பர் விறைத்து ஃபில்டர் இன்னும் இறுகியிருக்கும். ஓடி வந்து நின்ற கையோடு திறந்தால், சிந்தும் டீசல் சைலன்சர் குழாயில் பட்டுப் புகையும். பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் அருகில் கூடாது.

5. கழுவாமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம்

ஃபில்டர் ஹெட், குழாய் இணைப்புகள், பம்பின் மேற்புறம் ஆகிய மூன்றையும் டீசலும் பிரஷும் கொண்டு கழுவி, வேஸ்டால் துடையுங்கள். பிரஷர் வாட்டர் அடிக்க வேண்டாம். ஆல்டர்னேட்டருக்குள்ளும் வயர் சாக்கெட்டுக்குள்ளும் தண்ணீர் போய் வேறொரு வேலையை இழுத்துவிடும்.

பல ஜீப்களில் ஃபில்டருக்கு நேர் கீழே செல்ஃப் மோட்டார் அல்லது ஆல்டர்னேட்டர் இருக்கும். அதன்மேல் ஒரு பாலிதீன் பையைப் போர்த்திக் கட்டிவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். இரும்பு ரெஞ்ச் தவறிச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் பட்டால் பொறி பறக்கும், அந்த நேரத்தில் சுற்றிலும் டீசல் சிந்தியிருக்கும்.

6. டீசலை அடைத்து வடித்தல்

டிராக்டரில் டேங்க் ஃபில்டரைவிட உயரத்தில் இருக்கும். டேங்க் அடியில் உள்ள டேப்பை மூடாமல் திறந்தால் டேங்கே காலியாகும். ஜீப், லாரியில் டேங்க் கீழே இருப்பதால் இந்தக் கவலை இல்லை. வடிகால் திருகைத் திறந்து ஃபில்டரில் உள்ளதை முழுதும் வடித்துவிடுங்கள். காலியான ஃபில்டரைத் தட்டித் திருகும்போது சிந்துவதற்கு எதுவும் இருக்காது.

7. இறுகிய ஃபில்டரைக் கழற்றும் வரிசை

ஃபில்டர் இறுகுவதற்குக் காரணங்கள் மூன்று. சென்ற முறை மாட்டியவர் ரெஞ்ச் போட்டு இறுக்கியிருப்பார். ரப்பர் வளையத்தில் டீசல் தடவாமல் உலர மாட்டியதால், சூட்டில் அது உலோகத்தோடு ஒட்டியிருக்கும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்றில் மரை துருப்பிடித்திருக்கும். மூன்றுக்கும் பொதுவான மருந்து பொறுமைதான். பலத்தைக் கடைசியில் காட்டிக்கொள்ளலாம்.

முதல் வேலை, திசையை உறுதி செய்வது. ஃபில்டரைக் கீழிருந்து பார்க்கும்போது இடப்பக்கச் சுற்றாகத் திருப்பினால் கழலும். ஆனால் போனெட்டுக்கு மேலிருந்து குனிந்து பார்க்கிறவருக்கு அதே திசை வலப்பக்கச் சுற்றாகத் தெரியும். இறுகிய ஃபில்டரை இன்னும் இறுக்கிவிட்டு, கழலவில்லை என்று புலம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். சாக்பீஸை எடுத்து ஃபில்டரின் உடம்பில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். அனுபவம் உள்ளவருக்கும் இது வெட்கமல்ல.

அடுத்து ஃபில்டரும் ஹெட்டும் சேரும் விளிம்பைச் சுற்றி டபிள்யூடி-40 அடித்து அரை மணி நேரம் விடுங்கள். இடையில் சுத்தியலின் மரப்பிடியால் ஃபில்டரின் மேல்விளிம்பைச் சுற்றிச் சுற்றி இலேசாகத் தட்டுங்கள். தட்டுகிற அதிர்வில் ஒட்டிய ரப்பரும் துருவும் விடுபட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். தகரம் நசுங்கும் அளவுக்கு அடிக்க வேண்டாம், ஏனென்றால் நசுங்கிய டப்பாவில் ரெஞ்ச் பிடிக்காது.

பிறகு ஃபில்டரின் மேல் உள்ள எண்ணெயை ஒட்டத் துடைத்துவிட்டு, எமரி பேப்பரை ஒரு சுற்றுச் சுற்றி, சொரசொரப்பான பக்கம் தகரத்தைப் பார்க்க வைத்து, அதன்மேல் ஸ்ட்ராப் ரெஞ்சைப் போடுங்கள். ரெஞ்ச் எப்போதும் ஹெட்டுக்கு மிக அருகில், அடித்தட்டு (டப்பாவின் வாயில் மரையோடு உள்ள கனத்த தகடு) இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் டப்பா உறுதியானது; நடுவிலோ அடியிலோ போட்டால் தகரம் முறுக்கிக்கொள்ளுமே தவிர மரை நகராது. வெடுக்கென்று இழுக்காமல், சீராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் அப்படியே பிடியுங்கள். பல ஃபில்டர்கள் சில விநாடிகள் கழித்துக் கட்டென்ற சத்தத்தோடு விடும்.

ஸ்ட்ராப் வழுக்கினால் செயின் ரெஞ்ச். செயின் தகரத்தைக் கடித்துவிடும், ஆகவே அதைப் போட்ட பிறகு அந்த ஃபில்டரை மறுபடி பயன்படுத்த முடியாது. புதிய ஃபில்டர் கையில் இல்லாமல் இந்தக் கட்டத்துக்குப் போகாதீர்கள்.

டப்பாவில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்புவது எல்லாப் பட்டறைகளிலும் முதல் வழியாக இருக்கிறது. என் கருத்தில் அது கடைசி வழி. குத்துவதானால் டப்பாவின் கீழ்ப் பாதியில் குத்துங்கள். மேலே குத்தினால் முனை, ஃபில்டர் திருகி ஏறும் நடு ஸ்டட்டில் பட்டு மரையைக் கெடுக்கும். தகரம் கிழியத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

எந்தக் கட்டத்திலும் ஊதுவிளக்கு, கேஸ் டார்ச் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டாம். போல்ட்டுக்குச் செய்கிற வைத்தியத்தை டீசலில் ஊறிய டப்பாவுக்குச் செய்ய முடியாது.

8. உடம்பு பிய்ந்து அடித்தட்டு மட்டும் நின்றால்

டப்பா கிழிந்து கையோடு வந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. இப்போதுதான் மரையை நேராகப் பார்க்க முடிகிறது. தொங்கும் பேப்பரையும் கிழிந்த தகரத்தையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கிழிந்த தகரம் பிளேடு போல வெட்டும். அடித்தட்டில் வட்டமாகச் சிறு துளைகள் இருக்கும். மழுங்கிய பஞ்சை ஒரு துளையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, அம்புக்குறியின் திசையில் தட்டுங்கள். ஒரே துளையில் அடிக்காமல் எதிரெதிர்த் துளைகளில் மாற்றி மாற்றித் தட்டினால் தட்டு சாயாமல் சுழலும்.

பஞ்சின் முனை ஹெட்டின் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெட் அலுமினியம், ரப்பர் வளையம் அமரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே என்றைக்கும் காற்று போகும்.

9. கிண்ண வகையில் நடு போல்ட் இறுகியிருந்தால்

இங்கே ஆபத்து போல்ட்டின் தலை மழுங்குவது. ஓப்பன் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். ரிங் ஸ்பேனரோ ஆறு முனை சாக்கெட்டோ மட்டும் போடுங்கள். திருப்புவதற்கு முன் போல்ட்டின் தலையில் நேராக நான்கைந்து அடி, அளவாகத் தட்டுங்கள். மரையில் பிடித்திருப்பது விடும். கழலத் தொடங்கியதும் முழு வேகத்தில் திருகி எடுக்காமல், அரைச் சுற்றுக் கழற்றிக் கால் சுற்று இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். துருத் தூள் மரைக்குள் அரைபட்டு அலுமினிய மரையைத் தின்றுவிடாமல் இருக்க இதுவே வழி.

போல்ட் வெளியே வரும்போது கிண்ணத்தை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். வாஷர், ஸ்பிரிங், இருக்கை ஆகியவை எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் ஒரு துணியில் பரப்பிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் அடியில் படிந்த கசடைச் சுரண்டிக் கழுவாமல் புதிய ஃபில்டரை அதில் வைக்கிறவர்களும் உண்டு.

10. ஃபில்டர் ஹெட்டின் முகம்

பழைய ஃபில்டர் வந்துவிட்டது. இப்போது அதன் மேல்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் அது மேலே ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுத்த உலோகத்தில் கறுத்த ரப்பர் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. விரல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். பழைய வளையத்தின் மேலேயே புதிய வளையம் அமர்ந்தால், ஃபில்டர் இறுகியது போலவே தோன்றும். எஞ்சின் ஓடியதும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி டீசல் கொட்டும், அல்லது காற்று போகும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகுதியாகக் காண்பது இதுதான்.

கிண்ண வகையில் வளையம் ஹெட்டின் பள்ளத்துக்குள் இறுகியிருக்கும். அதை ஒரு கோணி ஊசியால் குத்தி நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் பள்ளத்தின் சுவரைக் கீறும். சில அமைப்புகளில் வெளிவட்டத்தில் ஒன்றும் நடுத்துளையைச் சுற்றி ஒன்றும் என இரண்டு வளையங்கள் இருக்கும். நடுவில் உள்ள சிறியதை மறந்தால் வெளியே கசியாது. ஆனால் வடிகட்டாத டீசல் குறுக்கு வழியில் பம்புக்குப் போய்விடும்.

முகத்தை வேட்டித் துணியால் துடையுங்கள். எமரி போட வேண்டாம்.

11. புதிய ஃபில்டரை மாட்டுதல்

மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஃபில்டரை டீசலால் நிறைத்து மாட்டலாம். காற்றெடுக்கும் வேலை பாதியாகக் குறையும். ஆனால் ஊற்றும் இடம் முக்கியம். சுற்றிலும் உள்ள சிறு துளைகள் டீசல் உள்ளே நுழையும் வழி, நடுத்துளை வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. நடுத்துளையில் ஊற்றினால், கேனிலிருந்த அழுக்கு வடிகட்டப்படாமல் நேரே பம்புக்குப் போகும். ஆகவே நடுத்துளையை விரலால் மூடிக்கொண்டு சிறு துளைகளில் மெதுவாக ஊற்றி, பேப்பர் குடித்து இறங்க இறங்க மறுபடி நிறையுங்கள்.

ரப்பர் வளையத்தில் டீசலை விரலால் தடவுங்கள். உலர்ந்த ரப்பர் சுழலும்போது முறுக்கிக்கொள்ளும், அடுத்த முறை கழலவும் மறுக்கும். முதல் மூன்று சுற்று கையால் மட்டும், எந்த எதிர்ப்பும் இல்லாமல் போக வேண்டும். இடையில் பிடித்தால் மரை சாய்ந்து ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

வளையம் ஹெட்டைத் தொட்டவுடன் ஃபில்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து முக்கால் சுற்றுக் கையால் இறுக்குங்கள். ஃபில்டரின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அவ்வளவுதான். ரெஞ்ச் போட்டு "ஒரு இழுப்பு" கூடுதலாக இழுக்கிற பழக்கத்தால் கசிவு குறைவதில்லை. வளையம் நசுங்கிப் பிதுங்கி, கசிவு கூடத்தான் செய்யும்.

கிண்ண வகையில் நடு போல்ட்டை இறுக்கும்போது ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல், போல்ட் தலைக்கு அருகில் பிடியுங்கள். கை நீளம் குறைந்தால் விசையும் குறையும், அலுமினிய மரை பிழைக்கும். குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளில் கழற்றிய ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் புதிய காப்பர் வாஷர் போட வேண்டும்.

12. காற்றெடுத்தல்

எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில், டீசலின் அழுத்தத்தால்தான் திறக்கும். லைனில் காற்று இருந்தால், பம்ப் தரும் அழுத்தம் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்து, நாசில் திறக்காது. பம்பின் உள்பாகங்களுக்கு மசகும் இந்த டீசல்தான் என்பதால், காற்றோடு நெடுநேரம் செல்ஃப் அடிப்பதும், நான்கு பேர் தள்ளி கியர் போடுவதும் பம்பை உலர்ந்தபடி சுழற்றுவதாகும். இரண்டையும் தவிருங்கள்.

வரிசை எப்போதும் டேங்கிலிருந்து எஞ்சினை நோக்கியே போக வேண்டும். முன்னால் உள்ள காற்றை விட்டுவிட்டுப் பின்னால் எடுத்தால், எடுத்த இடத்துக்கே அது மறுபடி வந்து சேரும்.

முதலில் ஃபில்டர் ஹெட்டின் மேலுள்ள காற்றுத் திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, கையால் டீசலைத் தள்ளும் ஹேண்ட் பம்பை அடியுங்கள். இரண்டு கிண்ணம் இருந்தால் முதல் கிண்ணத்தில் முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வாருங்கள். தொடக்கத்தில் வெறும் காற்றும், பிறகு சோப்பு நுரை போல வெளுத்த டீசலும், அதன் பிறகு குமிழி இல்லாத டீசலும் வரும். நுரை நின்றவுடன் நிறுத்தாமல் இன்னும் பத்துப் பதினைந்து அடி அடியுங்கள். மூலையில் ஒதுங்கிய காற்று தாமதமாகத்தான் வரும். திருகை மூடும்போது ஹேண்ட் பம்பை அழுத்தியபடியே, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே மூட வேண்டும். கையை எடுத்துவிட்டு மூடினால் அந்த நொடியில் காற்று திரும்பிப் போகும்.

அடுத்தது பம்ப். வரிசைப் பம்பின் பக்கவாட்டில் காற்றுத் திருகு இருக்கும், அதே முறை. விஇ பம்பில் ஹேண்ட் பம்ப் கெட்டியாகும் வரை அடித்துவிட்டு நேரே, பம்பிலிருந்து வரும் குழாயை நாசிலோடு இறுக்கும் நாசில் நட்டுகளுக்குப் போகலாம்.

வேலை முடிந்ததும், திருகு வகை ஹேண்ட் பம்ப் என்றால் அதன் குமிழை அழுத்திப் பூட்டுங்கள். பூட்டாமல் விட்டால் அதன் வழியாகவே டீசல் கசியும், அல்லது காற்று நுழையும்.

கடைசியாக நாசில் நட்டுகள். பாட்டரியை மாட்டி, இரண்டு நாசில்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு முறைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் கூடாது; அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறும். நட்டின் ஓரத்தில் டீசல் துடித்துத் துடித்து வரத் தொடங்கியதும் இறுக்கிவிட்டு அடுத்த இரண்டுக்குப் போங்கள். பெரும்பாலும் இரண்டாவது ஜோடிக்கு முன்பே எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். அப்படிப் பட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே ஏறியது என்று சொல்ல வேண்டும்.

13. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

மறுபடி காற்றெடுப்பதற்கு முன் ஸ்டாப் அமைப்பைப் பாருங்கள். ஸ்டாப் கேபிள் இழுத்தபடி நின்றிருந்தாலோ, விஇ பம்பில் டீசலைத் திறந்து மூடும் மின்வால்வான சொலினாய்டின் வயர் வேலை செய்யும்போது கை பட்டுக் கழன்றிருந்தாலோ, எத்தனை முறை காற்றெடுத்தாலும் நாசிலுக்கு டீசல் போகாது. வயர் ஒன்று கழன்றதற்காகப் பம்பைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பும்போது சொலினாய்டில் டக் என்ற சத்தம் கேட்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நின்றால் காற்று எங்கிருந்தோ நுழைகிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, ரப்பர் ஹோஸ் இருக்கும் இடத்தில், கொத்தனார் லெவல் பார்க்கும் டியூபை ஒரு முழம் தற்காலிகமாக மாட்டி எஞ்சினை ஓட்டுங்கள். குமிழிகள் ஓடுவது தெரிந்தால் காற்று ஃபில்டரிலோ அதற்கு முன்போ நுழைகிறது. டியூபை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் பாருங்கள். அங்கும் குமிழி இருந்தால் டேங்க் பக்கத்து ஹோஸ், இல்லையென்றால் ஃபில்டர் வளையம் அல்லது வாஷர். பார்த்து முடித்ததும் டியூபைக் கழற்றிவிட வேண்டும். டீசலில் அது விறைத்து வெடிக்கும்.

ஃபில்டர் விளிம்பில் கசிவு தெரிந்தால் இறுக்கிப் பார்க்கவே வேண்டாம். கழற்றி வளையத்தைப் பாருங்கள்.

14. ஓட்டிப் பார்த்தல்

பத்து நிமிடம் நின்றபடி ஓடவிட்டு, எல்லா இணைப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி விரலால் தடவிப் பாருங்கள். பிறகு சிந்திய டீசல் முழுவதையும் துடையுங்கள்; ரப்பர் ஹோஸ்களிலும் எஞ்சின் மவுண்டிலும் தங்கினால் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். ஏற்றம் உள்ள ரோட்டில் பாரத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

உண்மையான சோதனை மறுநாள் காலையில்தான். இரவெல்லாம் நின்ற வண்டி முதல் செல்ஃபில் பிடித்தால் வேலை சரி. முந்தைய நாள் நன்றாக ஓடிவிட்டு, காலையில் மட்டும் நெடுநேரம் இழுத்தால், மிக நுண்ணிய வழியில் காற்று நுழைந்து டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது. வாஷர்களிலிருந்து மறுபடி தேடத் தொடங்குங்கள்.

15. பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்

தூக்கி எறிவதற்கு முன் டப்பாவை ஹேக்சாவால் அறுத்துப் பேப்பரை விரித்துப் பாருங்கள். சிவப்பு மண் மட்டும் என்றால் டேங்க் மூடியோ டீசல் ஊற்றிய கேனோ காரணம். செதில் செதிலாகத் துரு இருந்தால் டேங்கின் உள்சுவர் போய்விட்டது. கறுத்த ரப்பர் துணுக்குகள் என்றால் ஹோஸ் உள்ளுக்குள் உதிர்கிறது, அதை இந்த வாரமே மாற்ற வேண்டும். குவாரி வேலைக்குப் போகும் வண்டியில் பேப்பர் மடிப்புகள் முழுதும் அடைத்திருந்தால், கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே அடுத்த ஃபில்டரை மாற்றுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் புதிய டப்பாவின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். வடித்த டீசலை வாய்க்காலிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் பிடித்துக் கழிவு எண்ணெய் எடுக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.